ஆறரை மணி தெங்கேரா வண்டி

சந்திரமதியிடம் சண்டை போட வந்தவர்கள் பெரும்பாலும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் திரும்பிப் போவார்கள். இத்தனைக்கும் அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டாள். வண்டி ஏன் தாமதம் என்று கத்திக்கொண்டு வருகிறவரை நிமிர்ந்து பார்ப்பாள். கையிலிருக்கும் பென்சிலைக் கீழே வைப்பாள். அவர் சொல்வதைக் கேட்பாள். அவர் முடித்த பிறகும் கேட்டுக்கொண்டேயிருப்பாள். அந்த அமைதியை மனிதர்களால் அரை நிமிடத்துக்கு மேல் தாங்க முடிவதில்லை. "இல்லம்மா, நானும் கொஞ்சம் பிந்தித்தான் வந்தேன்" என்று அவர்களே ஆரம்பித்துவிடுவார்கள்.

மலாக்காவில், காஜா பேராங் சாலையில் இருந்த ஒரு பஸ் கம்பெனியில் அவள் ஒன்பது வருடமாகக் கிராணி, ஆபீஸ் குமாஸ்தா. மொத்தம் பதினான்கு வண்டிகள். எந்த வண்டி எத்தனை மணிக்கு எங்கே கிளம்ப வேண்டும், எந்த ஓட்டுநருக்கு என்று ஓய்வு, தெங்கேரா பக்கம் சாலையில் கடல்தண்ணீர் ஏறிவிட்டால் வண்டியை எந்தப் பக்கம் திருப்பிவிடுவது, இதெல்லாம் அவள் பென்சில் முனையில் இருந்தது. அந்த வருடம் ஆகஸ்டு முப்பத்தோராம் தேதி மலாயா சுதந்திரமடைந்தபோது ஊரே பண்டார் ஹிலிர் திடலுக்குப் போக ஆசைப்பட்டது. அவள் ஒரு பழைய நாள்காட்டியின் பின்பக்கத்தில் புது அட்டவணை எழுதி, பதினான்கு வண்டிகளையும் தறியில் நூல் ஓடுவதுபோல ஓட விட்டாள். திடலுக்குப் போனவர்கள் அத்தனை பேரும் வீடு திரும்பினார்கள். மேனேஜர் ஜெயபாலனுக்குத்தான் மாலை போட்டார்கள். அவர் அதைக் கழற்றிக்கொண்டு வந்து, அவள் மேசையின் மேல் வைத்துவிட்டு, தன் அறைக்குப் போய்விட்டார்.

அந்த ஜெயபாலன் வருடக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். புக்கிட் பாருவில் வீடு கட்டி முடித்துவிட்டார். அவர் நாற்காலி தனக்கு வேண்டும் என்று சந்திரமதிக்குத் தோன்றியது. தோன்றியது என்பதைவிட, வெகுநாளாக உள்ளே உட்கார்ந்திருந்த ஒன்று எழுந்து நின்றது எனலாம். புது மேனேஜருக்கு வண்டிகளின் குணம் பழகவே இரண்டு வருடம் ஆகும். அந்த இரண்டு வருடமும் தானே எல்லாம் செய்துவிட்டு, மாலை இன்னொருவர் கழுத்தில் விழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதா? ஒரு முழுத் தாளில் விண்ணப்பம் எழுதி, முதலாளி மருதப்பன் செட்டியாருக்கு அனுப்பினாள்.

செப்டம்பர் மாதம் ஒரு நாள் மாடி அறைக்குக் கூப்பிட்டார்கள். செட்டியார் நடுவில் இருந்தார். ஒரு பக்கம் ஜெயபாலன். இன்னொரு பக்கம் செட்டியாரின் தங்கை மகன் விநாயகம். நல்ல பையன். யூகலிப்டஸ் தைலம் தெளித்த கைக்குட்டையை மூக்கில் வைத்திருந்தான். கீழே ஷெட்டில் இருந்து வரும் டீசல் வாடை அவனுக்கு ஆகாது.

"ஆத்தா, ஒன் கடுதாசியப் படிச்சேன்" என்றார் செட்டியார். "நல்லாத்தான் எழுதியிருக்க. சுதந்திர நாளன்னைக்கி நீ பாத்த வேலையும் எனக்குத் தெரியும். ஆனா ஒண்ணு இருக்கு பாத்தியா."

அவள் பேசாமல் இருந்தாள். மின்விசிறி சுற்றியது. செட்டியாரே தொடர வேண்டியதாயிற்று.

"ஆயுத பூசையன்னைக்கி மேனேசருதான் மொத வண்டிய வெளிய எடுக்கணும். எலுமிச்சம்பழத்து மேல ஏத்தி, கேட்டைத் தாண்டிக் கொண்டு போகணும். கம்பெனி ஆரம்பிச்ச நாள்லேர்ந்து அது பழக்கம். ஜெயபாலன் பதினோரு வருசமா எடுக்குறாரு, ஒரு தடவ சக்கரம் பழத்த விட்டு வெலகுனதில்ல. அடுத்த வருசம் நீ எப்புடி எடுப்பே? சேலைய வரிஞ்சு கட்டிக்கிட்டா?"

விநாயகம் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக வெட்கப்பட்டான்.

"இவங்கிட்ட லைசென் இருக்கு. மாரிஸ் காரு ஓட்டுறான். இந்தத் தடவ ஜெயபாலன் எடுக்கட்டும், கடைசி முறையா. இவன் பக்கத்துல நின்னு பாத்துக்கட்டும். பூசை முடிஞ்ச கையோட யாரு மேனேசருன்னு சொல்லிப்புடுறேன்."

சந்திரமதி ஜெயபாலனைப் பார்த்தாள். ஜெயபாலன் மின்விசிறியைப் பார்த்தார். அவர் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், இந்தத் தடை பொடிப்பொடியாகிவிடும். அவர் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

அந்த வாக்கியம் இதுதான்: ஜெயபாலனுக்கு பஸ் ஓட்டத் தெரியாது.

கம்பெனி தொடங்கிய வருடம், முதல் ஆயுத பூஜையில், செட்டியார் எல்லோர் முன்னாலும் சாவியை நீட்டி, "எடுங்க மேனேசர்" என்று சொல்லிவிட்டார். ஜெயபாலன் ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவதில் கெட்டிக்காரர். சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டியதில்லை. ஐம்பது பேர் கைதட்டிக்கொண்டிருக்கும்போது அதை எப்படிச் சொல்வது? ஏறி உட்கார்ந்துவிட்டார். மூத்த ஓட்டுநர் சேதுபதி நிலைமையைப் புரிந்துகொண்டு, பொட்டு வைப்பதுபோல உள்ளே எட்டி எஞ்சினைக் கிளப்பிவிட்டு, காதோடு சொன்னார்: "சார், கை பிரேக்க மட்டும் எறக்குங்க. ஸ்டீயரிங்க நேரா புடிங்க. மத்தத சாமி பாத்துக்கும்." ஷெட்டிலிருந்து கேட்டு வரை நல்ல சரிவு. வண்டி உறுமிக்கொண்டே தானாக உருண்டது. பழங்களை நசுக்கியது. கேட்டுக்கு வெளியே தூங்குமூஞ்சி மரத்தடியில் ஜெயபாலன் பிரேக்கை இழுத்துப் பிடித்து, இறங்கி, கைகூப்பினார். அடுத்த வருடம் செட்டியார் கேட்காமலே சாவியை நீட்டினார். பழக்கங்கள் இப்படித்தான் பிறக்கின்றன போலும்.

இது தெரிந்தவர்கள் மூன்று பேர். ஜெயபாலன், சேதுபதி, கேட்டருகே நின்று சாலையைப் பார்த்துச் சைகை கொடுக்கும் சந்திரமதி.

கூட்டம் முடிந்ததும் அவள் நேராக ஷெட்டுக்குப் போனாள். சேதுபதி ஒரு டயரின் மேல் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஜெயபாலன் சார் மாதிரி நானும் வண்டியில ஒக்காந்தா என்ன? செட்டியாரய்யாகிட்ட கேட்டு, இந்த வருஷமே நான் எடுக்குறேன்னு சொல்லப் போறேன்."

சேதுபதிக்குக் கோப்பி புரையேறியது. "ஆஹா! சேலை கட்டிக்கிட்டு ஒக்காந்தாலும் அது உருளத்தான் செய்யும்லா! பிரேக்க எறக்கு, நேரா புடி, அம்புட்டுதான். சின்னப் புள்ள கூட செய்யும்."

அப்போது பின்னால் ஏழாம் நம்பர் வண்டியைப் பாட்டரி போய்விட்டது என்று தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஐந்து பேர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "ஏலேலோ" போட்டுக்கொண்டு தள்ளினார்கள். வண்டி நத்தை மாதிரி நகர்ந்தது.

சந்திரமதி அதையே பார்த்தாள். சேதுபதியும் பார்த்தார். கோப்பிக் குவளை பாதி வழியில் நின்றது.

"இந்த வண்டிக்கு எதுக்கு அண்ணே அஞ்சு பேரு?" என்றாள் மெதுவாக.

சேதுபதி குனிந்து தரையைப் பார்த்தார். மார்ச் மாதம் போட்ட புது சிமெண்டுத் தரை. ஷெட்டிலிருந்து கேட்டு வரை கண்ணாடி மாதிரி மட்டமாகக் கிடந்தது. மழை பெய்தால் எண்ணெயும் தண்ணீரும் சரிவில் ஓடிவந்து கண்டக்டர்கள் வழுக்கி விழுகிறார்கள் என்று யாரோ மூன்று முறை மனு எழுதி, கம்பெனி மண் கொட்டி நிரவிப் போட்ட தரை.

"அலாமா!" என்றார் சேதுபதி. "சரிவே இல்லையேம்மா! எந்தப் புண்ணியவான் இதுக்கு மனு போட்டது?"

"நான்தான்."

சேதுபதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சந்திரமதிக்கும் சிரிப்பு வந்தது. பாதிச் சிரிப்பில் அது நின்றது. இந்த வருடம் அந்த இருக்கையில் உட்காரப் போவது அவள் அல்ல, ஜெயபாலன்.

அவரிடம் போய்ச் சொன்னாள். "சார், ஷெட் தரை மட்டமாயிடுச்சு."

"ஆமா, நல்ல வேலை. நான்தான கையெழுத்துப் போட்டேன்" என்றார் ஜெயபாலன். அவள் அப்படியே நின்றாள். சுமார் கால் நிமிடம் கழித்து அவர் முகம் வெளுத்தது. பேனாவைக் கீழே வைத்தார். "ஐயையோ" என்றார்.

பூஜைக்கு எட்டு நாள் இருந்தது. எட்டு நாளில் கற்றுக்கொண்டுவிடலாம் என்று சேதுபதி தைரியம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பத்து பெரெண்டாம் என்ற ஊருக்கு அப்பால் ஒரு வெட்டவெளிக்கு வண்டியைக் கொண்டுபோனார்கள். அங்கே மூன்று எருமைகள் மேய்ந்துகொண்டிருந்தன.

"சார், அது கிளச்சு. இது பிரேக்கு. கிளச்ச மெதுவா விடுங்க."

வண்டி தவளை மாதிரி ஒரு குதி குதித்து, இருமி, நின்றது.

"மெதுவான்னா மெதுவா சார். தூங்குற புள்ளைக்குப் போர்வைய இழுத்து விடுற மாதிரி."

மறுபடி ஒரு குதி. சந்திரமதி எண்ணிக்கொண்டே வந்தாள். பதினேழாவது குதிக்குப் பிறகு எருமைகளே சலித்துப்போய் வேறு பக்கம் திரும்பிக்கொண்டன. ஜெயபாலன் இறங்கி வந்து புல்லில் உட்கார்ந்தார். வேர்வையில் சட்டை ஒட்டியிருந்தது.

"என் பேரனுக்குக் கூட இத விட நல்லா வரும்" என்றார். "விட்டுருங்க சேதுபதி. பூஜையன்னைக்கு எனக்குக் கால் சுளுக்கு. படுக்கைய விட்டு எந்திரிக்க முடியல. முடிஞ்சுது."

"அதுவும் சரிதான். அப்ப யாரு எடுப்பா?" என்றார் சேதுபதி.

விநாயகம் எடுப்பான். லைசென்ஸ் வைத்திருக்கிறவன். எடுத்த கையோடு செட்டியார் அவன் தோளில் துண்டைப் போட்டுவிடுவார். ஜெயபாலன் சந்திரமதியைப் பார்த்தார். இந்த முறை பார்ப்பதற்கு மின்விசிறி இல்லை. வானம்தான் இருந்தது. அதையும் அவர் பார்க்கவில்லை.

"வேண்டாம்மா" என்றார். "நான் படுத்தா ஒன் வேலை போயிடும். அன்னைக்கு மாடியில வாய மூடிக்கிட்டு இருந்தேன். அதுவே போதும். நானே ஏறி ஒக்காருறேன். நகராட்டி நகராமப் போகட்டும்."

அன்று சாயங்காலம் அவள் கணவர் தேவதாஸ் தையல் மெஷினை மிதித்துக்கொண்டே கதை முழுவதையும் கேட்டார். பஸ் கம்பெனியிலிருந்து நான்கு கடை தள்ளி அவருக்குத் தையல் கடை. சட்டைக் காலரில் கண் வைத்தபடியே சொன்னார்: "இதுல நீ செய்ய வேண்டியது ஒண்ணுமே இல்லையே. சார் ஒக்காருவாரு, வண்டி நகராது. மேனேஜருக்கு வண்டி ஓட்டத் தெரியலேன்னு ஊருக்கே தெரிஞ்சு போகும். அப்புறம் ஒனக்கு மட்டும் எப்படி வேணாம்னு சொல்லுவாங்க? நீ சும்மா இருந்தாலே போதும். ஒனக்குத்தான் அது நல்லா வருமே."

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் அவளை உறுத்தியது. இத்தனை வருடமும் பேசாமல் இருந்தே எல்லாவற்றையும் வாங்கியிருக்கிறாள். ஓட்டுநர்களின் ஒழுங்கை, பயணிகளின் மரியாதையை, சிமெண்டுத் தரையைக்கூட. இந்த நாற்காலியையும் அப்படி வாங்கிவிடலாம். ஆனால் அதில் உட்காரும்போதெல்லாம், நகராத ஒரு வண்டியில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பது தெரியும். அவர் அவளுக்காகத்தான் அங்கே ஏறியிருப்பார். தைத்து முடித்த சட்டையை தேவதாஸ் உதறினார். அவள் இன்னும் பதில் சொல்லவில்லை என்பதைக் கவனித்து, "சரி சரி, நான் சொன்னது தப்பு" என்றார்.

ஆயுத பூஜையன்று விடியும்போதே ஷெட் வாழைமரமும் மாவிலையுமாக இருந்தது. ஸ்பேனர்களுக்கும் டயர்களுக்கும் சந்தனப் பொட்டு. எலுமிச்சம்பழங்கள் பக்கத்துக் கம்பத்தில், அந்தச் சிறு கிராமத்தில், தலைமுறைகளாக மலாய் பேசும் தமிழ் வம்சத்து மலாக்காச் செட்டி வீட்டு மரத்தில் பறித்தவை. சாமி காரியத்துக்குக் காசு வேண்டாம் என்று அந்த வீட்டு அம்மாள் மலாயில் சொல்லி, ஒரு கூடை நிறையக் கொடுத்தனுப்பியிருந்தாள். ஒன்றாம் நம்பர் வண்டியின் நான்கு சக்கரங்களுக்கு முன்னாலும் ஒவ்வொரு பழம். பூசணிக்காய் உடைத்தாயிற்று. செட்டியார் பட்டு அங்கவஸ்திரத்தில் இருந்தார். விநாயகத்தின் கையில் கைக்குட்டை இருந்தது.

செட்டியார் சாவியை நீட்டினார். ஜெயபாலன் வாங்கிக்கொண்டு ஏறினார். சேதுபதி வழக்கம்போல எட்டி எஞ்சினைக் கிளப்பிவிட்டு, வழக்கம்போல இறங்காமல், இரண்டு விநாடி அவர் தோளைத் தொட்டுக்கொண்டு நின்றார். பிறகு இறங்கினார்.

எஞ்சின் உறுமியது. ஜெயபாலன் கை பிரேக்கை இறக்கினார். எல்லோரும் சக்கரத்தைப் பார்த்தார்கள். எலுமிச்சம்பழம் முழுதாக இருந்தது. கைதட்டத் தூக்கிய கைகள் தூக்கியபடியே நின்றன. யாரும் பேசவில்லை. சந்திரமதிக்கு அந்த அமைதி நன்றாகத் தெரிந்த ஒன்று. இன்னும் பத்து விநாடி அதை விட்டு வைத்தால் யாராவது ஒருவர் தாங்க முடியாமல் வாயைத் திறப்பார். யாராவது சிரிப்பார். அதோடு எல்லாம் முடிந்துவிடும்.

அவளே வாயைத் திறந்தாள்.

"சார், எறங்குங்க!"

அவள் குரல் அத்தனை சத்தமாக வரும் என்று அவளுக்கே தெரியாது. கேட்டருகிலிருந்து வண்டிக்கு முன்னால் வந்து நின்றாள். கழுத்தில் விசில் ஆடிக்கொண்டிருந்தது.

"மணி ஆறு இருவத்தஞ்சு. தெங்கேராவுல மீன் கூடையோட ஜனங்க நிக்கிறாங்க. வருஷா வருஷம் இன்னைக்கு மட்டும் மொத வண்டி இருவது நிமிஷம் லேட்டு. பூஜைன்னு அவங்களும் பொறுத்துக்கிட்டு நிக்கிறாங்க. வண்டிக்குப் பூஜை போடுறோம், நேரத்துக்குப் போட வேண்டாமா? ஓட்டுறவரு ஓட்டட்டும். மேனேஜர் வேலை வண்டிய நேரத்துக்கு அனுப்புறது. அவரு கேட்டுல நின்னு விசில் ஊதி அனுப்பட்டும். இந்த வருஷத்துலேர்ந்து அதான் பழக்கம்."

"பழக்கத்த மாத்த நீ யாரு ஆத்தா?" செட்டியாரின் முகம் சிவந்தது. "கிராணிதான நீ?"

"டைம்டேபிள் எழுதுற கிராணி, ஐயா. ஆறரைன்னு எழுதுனா ஆறரை."

பின்னால் யாரோ ஒரு கண்டக்டர், "அது உண்மைதாங்கய்யா" என்று முனகினான். செட்டியார் திரும்பிப் பார்த்ததும் தூணுக்குப் பின்னால் போய்விட்டான்.

"ஜெயபாலன், நீங்க எடுங்க. இது கெடக்கு."

ஜெயபாலன் இருக்கையிலிருந்து எழுந்து படியில் நின்றார். வெள்ளைச் சட்டை, பொட்டு, நெற்றியில் வேர்வை.

"ஐயா, இந்தப் பொண்ணு என் மானத்தக் காப்பாத்தப் பாக்குது. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பதினோரு வருஷமாத் தெரியாது. போன ஞாயித்துக்கெழம பதினேழு தடவ முயற்சி பண்ணேன். பத்து பெரெண்டாம் எருமைங்க சாட்சி."

செட்டியார் வண்டியை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப இத்தன வருசமா வண்டி எப்புடியா வெளிய போச்சு?"

"சரிவுங்க ஐயா. தானா உருண்டுச்சு."

"சரிவு எங்கய்யா?"

"மழைத்தண்ணி சரிவுல ஓடி வருது, ஆளுங்க விழுறாங்கன்னு இந்தப் பொண்ணு மனு போட்டுச்சு. நான்தான் மண்ணு கொட்டி நெரவ வச்சேன். நெரவுனதுலேர்ந்து ஒரு ஆளு கூட விழல." சற்று நிறுத்தி, "என்னத் தவிர" என்றார்.

முதலில் சிரித்தது விநாயகம்தான். கைக்குட்டை கீழே விழுகிற அளவுக்குச் சிரித்தான். அதை எடுக்கக் குனிந்தவன் குனிந்தபடியே சொன்னான்: "அம்மான், இதான் சமயம், நானும் சொல்லிடுறேன். இந்த வாடை எனக்கு ஒத்துக்கல. மாடியில ஒக்காந்தாலே தலை சுத்துது. என்னைய விட்டுடுங்க."

செட்டியார் யாரை முதலில் திட்டுவது என்று தெரியாமல் நின்றார். அந்த நேரத்தில் விசில் சத்தம் கேட்டது. நீளமாக ஒன்று.

சந்திரமதி கேட்டுக்குப் போய்விட்டிருந்தாள். ஒரு கையை நீட்டிச் சாலையில் வந்த மாட்டுவண்டியையும் இரண்டு சைக்கிள்களையும் நிறுத்தியிருந்தாள். இன்னொரு கையால் உள்ளே சைகை காட்டினாள். ஜெயபாலன் எப்போது படியிலிருந்து இறங்கினார், சேதுபதி எப்போது ஏறினார் என்று யாரும் பார்க்கவில்லை. வண்டி நகர்ந்தது. நான்கு பழங்களும் ஒரே சமயத்தில் 'ப்ளச்' என்று நசுங்கின. எலுமிச்சை வாசம் டீசல் வாடையை மீறிக்கொண்டு கிளம்பியது. ஒன்றாம் நம்பர் வண்டி அவளைத் தாண்டி, மரத்தடியில் நிற்காமல், தெங்கேரா பக்கம் திரும்பிப் போயிற்று. தூக்கியபடி நின்ற கைகள் இப்போதுதான் தட்டின.

செட்டியார் இடுப்பிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். சரியாக ஆறரை. கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டார். ஓடிக்கொண்டுதான் இருந்தது. மெதுவாகக் கேட்டை நோக்கி நடந்து வந்தார்.

"ஆத்தா. சனவரியிலேர்ந்து ஆறு மாசம் இருந்து பாரு. சரியா வந்தா அப்புறம் பேசிக்கலாம்."

சந்திரமதி அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

"என்ன பாக்குற? சரி, மூணு மாசம். புது ஆளுக்கு மூணு மாசம் பாக்குறது வழக்கந்தான."

சாலையில் மாட்டுவண்டிக்காரர் தொண்டையைச் செருமினார். அவள் இன்னும் பேசவில்லை.

"நீ என்ன புது ஆளா, அதுஞ் சரிதான். ஒம்பது வருசமா இருக்கிறவகிட்ட என்னத்தப் பாக்குறது." செட்டியார் அங்கவஸ்திரத்தால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "சனவரி ஒண்ணாந் தேதி நீதான் மேனேசரு. சம்பளமும் ஜெயபாலன் வாங்குனதுதான், ஒரு வெள்ளி கொறையாது. போதுமா? வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லு ஆத்தா!"

உண்மையில் அவள் பேரம் பேசவில்லை. கூடையில் எத்தனை எலுமிச்சம்பழம் மீதி இருக்கிறது, அடுத்த வண்டிக்கு வைத்தார்களா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். அதை அவரிடம் அப்போதும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

"சரிங்கய்யா" என்றாள். பிறகு அவர் முழங்கையைத் தொடாமல் தொட்டு ஒரு பக்கமாக ஒதுங்கச் சொன்னாள். "கொஞ்சம் தள்ளி நின்னுக்குங்க. ஆறே முக்கால் வண்டி வருது."